உலையின் வாய்ப்பக்கம்

பிப்ரவரி 11

இன்று உலையைத் திறந்தேன். ஒரு மாதமாக அறுநூறு டிகிரியில் கிடந்த குவார்ட்ஸ் குழாய்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, வாளித் தண்ணீரில் போட்டு உடைத்தேன். இந்த ஒரு வேலையில் மட்டும் நிதானம் கூடாது. மெதுவாக ஆறவிட்டால் உள்ளே இருக்கும் உலோகக் கட்டி மனம் மாறிவிடும். சூட்டில் எப்படி இருந்ததோ அப்படியே திகைத்து நிற்க வேண்டும்.

வாளியைப் பிடித்துக்கொள்வது பங்காளியின் வேலை. வாளி தானாகவே நிற்கும், அதற்கு ஆள் எதற்கு என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "நீ பதறுவ. நான் பிடிக்கணும்" என்பாள். இன்று வாளி தானாகவே நின்றது. முன்கையில் மட்டும் சின்னதாக ஒரு கொப்புளம்.

பிப்ரவரி 13

"முக்கோணம் எப்பம்மா முடியும்?" என்றார் துறைத் தலைவர். ஆறு வருடமாக இதே கேள்வி. மனிதருக்கு அலுக்கவே இல்லை.

ஒரு முனையில் நிக்கல், இன்னொன்றில் சிலிக்கான், மூன்றாவதில் எங்கள் மகாராணி. மகாராணி என்பது நாங்கள் வைத்த பெயர். அருமண் உலோகம், எந்நேரமும் எண்ணெயில் மூழ்கியிருக்கும், கொஞ்சம் காற்றுப் பட்டாலும் முகம் கறுத்துவிடும். முக்கோணத்துக்குள் வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் மூன்றும் சேர்ந்த ஒரு கலவை. உருக்கி, குழாயில் அடைத்து, ஒரு மாதம் சூட்டில் போட்டுவிட்டுப் பார்த்தால், அந்தக் கலவையில் எந்தெந்தச் சேர்மங்கள் சண்டையில்லாமல் ஒன்றாகக் குடியிருக்கும் என்பது தெரியும். சமநிலை என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அந்தக் குடித்தனங்களின் வரைபடம்தான் தலைவர் கேட்கிற முக்கோணம்.

அவரேதான் ஆரம்பத்தில் அதன் குறுக்கே ஒரு கோடு போட்டார். நிக்கல் பக்கம் எனக்கு, சிலிக்கான் பக்கம் அவளுக்கு. சொத்துப் பிரித்த பங்காளிகள் என்று எல்லோரும் கேலி செய்ய, நாங்களும் ஒருத்தியை ஒருத்தி அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம். போன வருடம் அவள் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தது. அங்கேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள், தன் பாதியை முடித்துவிட்டு. நான்தான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அக்கா கூப்பிட்டாள். "ஒரு மாசமா அடுப்புல வெச்சு என்னத்தடி வேக வெக்கிற?" சொன்னேன். "அப்ப வீட்டுல என்ன வெச்ச?" நேற்றைய சோறு இருந்தது. அதைச் சொல்லவில்லை.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு நான் வாய் திறந்து பேசியது அதுதான்.

பிப்ரவரி 20

கட்டிகளைக் கல்வத்தில் இடித்து மாவாக்கி எக்ஸ்ரேயில் வைத்தேன். ஒவ்வொரு சேர்மத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் வரும், கைரேகை மாதிரி.

பாப்பா வரவில்லை.

பாப்பா என்பது பங்காளி கண்டுபிடித்த சேர்மம். மூன்றும் சேர்ந்தது, இதுவரை யாரும் பார்த்திராதது. அவள் பாதியில், பிரிவினைக் கோட்டை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் இருந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் என் கலவைகளிலும் கொஞ்சமாவது தலைகாட்ட வேண்டும். கோடு தலைவர் போட்டது. பாப்பாவுக்கு அது எப்படித் தெரியும்?

பாப்பாவைப் பற்றிய அவள் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், அச்சுக்குப் போகப்போகிறது. புது இடத்தில் வேலை நிரந்தரமாவதே அந்தக் கட்டுரையை நம்பித்தான்.

என் எடையில் ஏதாவது பிசகு இருக்கும்.

பிப்ரவரி 24

பிசகு இல்லை.

பிப்ரவரி 27

அவளுடைய கலவையையே உருக்கிவிட்டேன், அவள் கணக்குப்படி, ஒரு மில்லிகிராம்கூட மாற்றாமல். குழாயில் அடைத்து, வெற்றிடமாக்கி, உலையின் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தினேன். இனி ஒரு மாதம் ஒன்றும் செய்வதற்கில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்றும் செய்வதற்கில்லை என்று எழுதியது உலையைப் பற்றி. எனக்கும் சேர்த்துத்தான் எழுதினேன் போலிருக்கிறது. துணி துவைத்தேன். மாடியில் காயப் போட்டேன். காய்ந்ததா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். கீழ்வீட்டு அம்மா, "என்ன, ஆளையே காணோம்?" என்றார். இங்கேதான் இருக்கிறேன் என்றேன்.

மார்ச் 18

தனியாக இருப்பது பழகிப்போயிற்று என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பொய். வேலை செய்யும்போது பக்கத்தில் ஒருத்தி சும்மா இருந்தாலே போதும் என்பது பழகுகிற விஷயமில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் இன்னமும் எதிர் நாற்காலியைப் பார்க்கிறேன்.

மார்ச் 29

இன்றும் இல்லை. பாப்பா இருக்க வேண்டிய இடத்தில் அக்கம்பக்கத்துச் சேர்மங்கள் மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. சுத்தமான கோடுகள். சந்தேகத்துக்கே இடமில்லாத கோடுகள்.

மார்ச் 31

அப்படியானால் அவள் பார்த்தது என்ன? மகாராணி சூட்டில் குழாயையே அரிப்பாள், அது எங்களுக்குத் தெரியும். கண்ணாடியிலிருந்து சிலிக்கான் கட்டிக்குள் ஏறியிருக்கும். கலவையே மாறிப்போயிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

சொல்ல வேண்டும். அச்சான பிறகு வேறு யாராவது கண்டுபிடித்து மானத்தை வாங்குவதைவிட நான் சொல்வது மேல்.

ஏப்ரல் 2

சொல்லிவிட்டேன்.

நலமா, வீட்டில் எல்லோரும் எப்படி – ஒன்றும் கேட்கவில்லை. "பாப்பா இல்லடி" என்றுதான் ஆரம்பித்தேன்.

"எது இல்ல?"

"உன் கணக்குப்படியே உருக்கினேன். ஒரு மாசம் வெச்சேன். வரல. குழாயில இருந்து சிலிக்கான் ஏறியிருக்கும் பங்காளி."

"குழாயில படாம டாண்டலம் தகடு சுத்தித்தான்டி வெச்சேன். ஒவ்வொண்ணையும். நீயே பாத்திருக்க."

"தகடு எங்கயாவது கிழிஞ்சிருக்கும்."

அங்கே அவளுக்கு இன்னும் உலை ஒதுக்கவில்லை. பழைய கட்டிகளையெல்லாம் இங்கே இருக்கும்போதே இடித்துத் தீர்த்துவிட்டாள். திரும்பச் செய்து பார்க்கவும் வழியில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "நீ அளந்தா தப்பாது."

இதை எழுதாவிட்டால் தூக்கம் வராது: நம்பரை அழுத்தும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் போனதிலிருந்து அவளைக் கூப்பிட உருப்படியான ஒரு காரணம் இப்போதுதான் கிடைத்தது.

ஏப்ரல் 15

அவளிடமிருந்து செய்தி. "கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். தங்கள் தகவலுக்காக."

தங்கள் தகவலுக்காக.

ஏப்ரல் 16

தலைவர் தன் அறைப் பலகையில் இருந்த பெரிய முக்கோணத்தில் பாப்பாவின் புள்ளியைத் துணியால் துடைத்தார். சரியாக அழியவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். "ஒழிஞ்சுது. இப்ப சீக்கிரம் முடிஞ்சுடும் இல்ல?" என்றார். முடிந்துவிடும் சார் என்றேன்.

மே 4, ஞாயிறு

இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பழைய ஆபீஸ் தோழி ஒருத்தி சொன்னாள், அவளை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துச் சோதனைப் பிரிவில் போட்டுவிட்டார்களாம். வருகிற எஃகு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை.

நான் என்ன செய்ய? இல்லாததை இருக்கிறது என்றா சொல்ல முடியும்? உண்மையைத்தானே சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்!

மே 12

உலையைத் திறந்தால் என் இடத்தில் ஒரு பற்சக்கரம். ஏதோ தொழிற்சாலைக்காரர்களுக்கு அவசரச் சோதனையாம், நடுவில்தான் வைக்க வேண்டுமாம், தலைவர் வாக்குக் கொடுத்துவிட்டாராம். "நீங்க ஓரமா வெச்சுக்கங்கம்மா, எல்லாம் ஒரே ஃபர்னஸ்தானே." பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடமாக நடு என்னுடையது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

கோட்டை ஒட்டிய கலவைகளைக் கடைசியாக ஒருமுறை பார்த்து முடித்துவிடலாம் என்று உருக்கி வைத்திருந்தேன். குழாய்களைக் கதவருகே வாய்ப்பக்கத்தில் அடுக்கிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 13

அந்த வாய்ப்பக்கம் பங்காளியின் இடம். நேற்றுக் கோபத்தில் தோன்றவில்லை.

ஜூன் 13

பாப்பா.

ஜூன் 14

நேற்று அதற்கு மேல் கை ஓடவில்லை.

ஒரு கலவையில் மட்டுமில்லை, கோட்டை ஒட்டிய எல்லாவற்றிலும். அவள் கொடுத்துவிட்டுப் போன அதே கோடுகள், ஒன்று விடாமல். முதலில் தகடுகளைப் பிரித்துப் பார்த்தேன். கிழிசல் கிடையாது, குழாய்களின் உட்புறம் பளிச்சென்று இருக்கிறது. மகாராணி எதையும் தொடவே இல்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மற்றவை எல்லாம் வெளிறிக் கிடக்க, நடுநடுவே லேசான நீலத்தில் மணிமணியாக இருக்கிறது.

அழகாக இருக்கிறாள். இதைக் காட்ட ஆளில்லை.

ஜூன் 16

சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி இரண்டாவதாக ஒன்றை வாங்கி வந்து, கதவின் பார்வைத் துளை வழியாக உள்ளே விட்டேன். உலையின் எண்பலகை நடுவில் இருக்கும் சூட்டைக் காட்டுகிறது: அறுநூறு. என் கம்பி வாய்ப்பக்கத்தில் காட்டுவது: ஐந்நூற்று அறுபது.

எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி உலையை அணைத்துத் திறந்தோம். முன்பக்கத்தைச் சூடேற்றும் சுருள் கருகிப்போயிருக்கிறது. "இது போயி வருஷக்கணக்கா ஆச்சு மேடம்" என்றார். உலை வாங்கிய அன்று எங்கே அளந்தாலும் ஒரே சூடு என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான். அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. எண்பலகை அறுநூறு என்று சொன்னது, நம்பினோம்.

ஜூன் 17

ஆக, பாப்பா இருக்கிறாள். ஐந்நூற்று அறுபதில் இருக்கிறாள், அறுநூறில் சிதைந்து அக்கம்பக்கத்துச் சேர்மங்களாகப் பிரிந்துவிடுகிறாள். பங்காளி அளந்ததும் சரி, நான் அளந்ததும் சரி. ஒரே உலையில் இரண்டு சூட்டில் குடித்தனம் நடத்தியிருக்கிறோம், தெரியாமலே.

இத்தனை வருடமும் அவள் குழாய்கள் ஏன் வாய்ப்பக்கத்திலேயே இருந்தன? யாரும் ஒதுக்கவில்லை. நான் முதலில் வந்து நடுவில் வைத்தேன். மிச்சமிருந்த இடத்தில் அவள் வைத்தாள். ஒருநாளும் கேட்டதில்லை. அவளுடைய கலவையைத் திரும்பச் செய்தபோதும் – அவள் எங்கே வைத்தாள் என்று யோசித்தேனா? கணக்கு, எடை, தகடு எல்லாம் அவள் செய்தபடி. இடம் மட்டும் என்னுடையது.

நீ அளந்தா தப்பாது என்றாளே. ஐயோ, என்னத்தப் போயி அளந்தேன் நான்!

ஜூன் 18

எடுத்தாள். "சொல்லுங்க" என்றாள்.

வாடி போடி என்று பேசின வாய். ஒன்று விடாமல் சொன்னேன். சுருள், வாய்ப்பக்கம், ஐந்நூற்று அறுபது, நீல மணிகள்.

"அப்ப நான் பண்ணது சரிதான்."

"சரிதான்."

"நான் வாபஸ் வாங்கிட்டேனே."

"நான் எழுதிக் கேக்கறேன் பங்காளி. தலைவர்கிட்டயும் சொல்லி –"

"வேண்டாம். இங்க இப்பத்தான் எல்லாரும் மறந்திருக்காங்க. குக்கர் சத்தம் போடுது, வெக்கறேன்."

எனக்குக் குக்கர் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 20

தலைவரிடம் சொன்னேன். மனிதருக்கு முகமெல்லாம் பல். "பரவாயில்லையே! இப்ப சாம்பிள் உங்களோடது, எக்ஸ்ரே உங்களோடது. உங்க பேர்லயே அனுப்பிடலாம். அவங்கதான் வாபஸ் வாங்கிட்டாங்களே."

யோசித்தேன். யோசிக்கவில்லை என்று இங்கே எழுதினால் யாருக்காகப் பொய் சொல்கிறேன்? அந்த அறையிலிருந்து என் மேசைக்கு நடந்து வருகிற வரைக்கும் யோசித்தேன். இருபது வருடத்தில் புதிதாக ஒரு சேர்மம்கூட என் பேரில் கிடையாது. மற்றவர்கள் கண்டதைச் சரிபார்த்தே காலம் போய்விட்டது. அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

திரும்பிப் போனேன். "சார், அது அவ கண்டுபிடிச்சது. நான் கண்டுபிடிச்சது கெட்டுப்போன சுருளை."

"கோபப்படாதீங்கம்மா" என்றார். கோபமில்லை சார் என்று கோபமாகச் சொன்னேன். அவர் பலகையில் பாப்பாவை நானே குறித்துவிட்டு வந்தேன். துடைத்த கறை இன்னும் அங்கேயே இருந்தது, இடம் தேட வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

சுருளை மாற்றியாயிற்று. இனி ஒரு முக்கோணம் போதாது, இரண்டு வேண்டும்: அறுநூறில் பாப்பா இல்லாமல் ஒன்று, ஐந்நூற்று அறுபதில் பாப்பாவோடு இன்னொன்று. அவள் பாதி முழுக்க ஐந்நூற்று அறுபதில் செய்தது. என் பாதி அறுநூறில். கோட்டருகே இரண்டும் ஒட்டாததற்கு இதுதான் காரணம். இரண்டு பாதியும் மறுபடி.

அக்கா கேட்டாள், "முடிஞ்சுதாடி?" முதலிலிருந்து என்றேன். "உனக்கு வேற வேலையே இல்லையா?" இல்லை என்பதுதான் விஷயம் என்று சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாப்பாவைப் பற்றிய பகுதியைத் தனியாக எழுதி அவளுக்கு அனுப்பினேன். அவள் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. எப்படித் தவறவிட்டேன் என்பதை ஒளிக்காமல் ஒரு பத்தி. அவள் சம்மதம் இல்லாமல் எங்கேயும் அனுப்பமாட்டேன் என்று கடைசியில் ஒரு வரி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பதில் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பதில் இல்லை. மழை. ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்த புறாவிடம் "என்ன?" என்றேன். அது போய்விட்டது.

செப்டம்பர் 3

கட்டுரை திரும்பி வந்திருக்கிறது. என் பத்தியில் கைவைத்திருக்கிறாள். எல்லாம் நான் செய்த தவறு என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, "இருவரும் ஒரே உலையைப் பயன்படுத்தினோம், சூட்டின் வேறுபாட்டை இருவருமே சோதிக்கவில்லை" என்று போட்டிருக்கிறாள். ஓரத்தில் ஒரு கேள்வி: நீலம் என்றால் எந்த மாதிரி நீலம்?

இத்தனை பாடுபட்டாளே, பாவி, அவள் பாப்பாவின் முகத்தைப் பார்த்ததே இல்லை! அவள் இருந்த வரையில் எங்கள் மைக்ராஸ்கோப் பழுது. கோடுகளை மட்டுமே பார்த்து நம்பியிருக்கிறாள்.

போட்டோ எடுத்தேன். நிறம் சரியாக விழவில்லை. மறுபடி எடுத்தேன். சாயங்காலம் வரை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 26

கட்டுரை இதழுக்குப் போய்விட்டது.

அக்டோபர் 17

கூரியரில் ஒரு சிறு பெட்டி. பஞ்சில் பொதிந்து மூன்று உலோகக் கட்டிகள், ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் எண். கடிதம் கிடையாது. ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு செய்தி வந்தது.

"பங்காளி, கட்டுரையைப் பாத்துட்டு ஆராய்ச்சிக்கு ஒரு மூலை குடுத்திருக்காங்க. உருக்க முடியுது, சுட வெக்க இங்க இன்னும் ஃபர்னஸ் இல்ல. என் இடம் காலியாத்தானே இருக்கு?"

எத்தனை தடவை படித்தேன் என்று எழுதப்போவதில்லை.

அக்டோபர் 18

குழாய்களில் அடைத்தேன். தகடு சுற்றினேன், அவள் சுற்றுகிற மாதிரியே இரண்டு சுற்று. உலையை ஐந்நூற்று அறுபதுக்கு வைத்து, இரண்டு கம்பிகளாலும் அளந்து, அவளுடைய மூன்றையும் நடுவில் வைத்தேன். என்னுடையவை வாய்ப்பக்கம்.

"நவம்பர் 18 திறக்கிறேன்" என்று அனுப்பினேன். "சரி" என்று வந்தது.

சரி என்றால் வருகிறாளா, இல்லை சும்மா தெரிந்துகொண்டாளா? கேட்கவில்லை. வாளியில் பிப்ரவரியிலிருந்து சேர்ந்து கிடந்த கண்ணாடித் தூளைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைத்தேன்.